இன்ட் என்றால் எத்தனை பிட்?

200 கோடியையும் 100 கோடியையும் கூட்டச் சொன்னால் பைத்தான் 300 கோடி என்று சொல்லும். அதே கூட்டலை சி மொழியில் இரண்டு இன்ட் மாறிகளில், அதாவது முழு எண்ணுக்கான இடங்களில், போட்டுப் பாருங்கள். இன்றைய கணினிகளில் திரையில் வருவது பெரும்பாலும் மைனஸ் 129 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பைத்தானில் பழகிவிட்டு சி பக்கம் வருகிறவர்கள் இதை முதல்முறை பார்க்கும்போது, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித்தரும் கம்பைலரைத்தான் சந்தேகப்படுவார்கள். கம்பைலர் பாவம், கேட்டதைத்தான் கொடுத்தது. நாம் என்ன கேட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பைத்தான் ஒவ்வொரு எண்ணையும் ஒரு பொட்டலமாக வைத்திருக்கிறது. மேலே ‘இது முழு எண்’ என்று ஒரு சீட்டு, உள்ளே எத்தனை துண்டு என்ற கணக்கு, பிறகு எண். எண் பெருத்தால் பொட்டலமும் பெருக்கும். ஒவ்வொரு கூட்டலுக்கும் சீட்டைப் படித்து, பொட்டலத்தைப் பிரித்து, புதுப் பொட்டலம் கட்ட வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும். சி, சி++, ஏடா, கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் அந்தச் சீட்டை நிரல் ஓடும்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. அதைப் படிக்கும் வேலையைக் கம்பைலர் முன்கூட்டியே முடித்துவிடுகிறது. ‘இது 32 பிட், குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடிய) முழு எண்’ என்று ஒருமுறை தெரிந்துகொண்டதும், அதற்கேற்ற கூட்டல் கட்டளையை எழுதி வைத்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும்.

பிறகு மெமரியில் மிச்சமிருப்பது வெறும் பிட்கள், அதாவது 0-களும் 1-களும். 32 பிட்டும் 1 ஆக இருக்கும் ஓர் இடத்தை மைனஸ் 1 என்றும் படிக்கலாம், 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 என்றும் படிக்கலாம். எது சரி என்று அந்த இடத்தைக் கேட்டால் தெரியாது. எந்தக் கட்டளை அதைப் படிக்கிறதோ அதுதான் சொல்ல வேண்டும். கம்பைல் செய்யும் மொழிகளின் வேகத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். அவற்றின் வினோதமான கோளாறுகளில் பாதிக்கும் இதுவே காரணம்.

சரி, அந்த 32 எங்கிருந்து வந்தது? சி மொழியின் தரநிலை அப்படி எங்கேயும் சொல்லவில்லை. இன்ட்டுக்குக் குறைந்தது 16 பிட், பெரிய முழு எண்களுக்கான லாங்குக்குக் குறைந்தது 32 பிட், 1999-ல் சேர்ந்த லாங் லாங்குக்குக் குறைந்தது 64 பிட். அவ்வளவுதான் அது தரும் உத்தரவாதம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் மாறியதுபோல, இன்ட்டும் கணினிக்குக் கணினி மாறலாம்.

இந்தத் தளர்வுக்குக் காரணம் சி பிறந்த வீடு. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய பி என்ற மொழிதான் சி-யின் தாய். பி மொழியில் எண் வகைகளே கிடையாது. கணினியின் ஒரு ‘சொல்’, அதாவது அது ஒரே மூச்சில் கையாளும் பிட் கூட்டம், அதுதான் ஒரே வகை. பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில் அது 18 பிட். எண்ணும் அதற்குள்தான், எழுத்தும் அதற்குள்தான், முகவரியும் அதற்குள்தான்.

பிறகு ஆய்வகத்துக்கு பிடிபி-11 வந்தது. அதில் சொல்லுக்கு 16 பிட், ஆனால் ஒவ்வொரு 8 பிட் பைட்டுக்கும் தனி முகவரி உண்டு. எழுத்துக்கு ஓர் அளவு, எண்ணுக்கு ஓர் அளவு என்று இயந்திரமே பிரித்துக் காட்டியது. தசமப் புள்ளி எண்களுக்கான வன்பொருளும் வரப்போகிறது என்றார்கள், அந்த எண்ணோ 16 பிட்டுக்குள் அடங்காது. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கும் வித்தை இனி செல்லாது என்று ஆனபோதுதான் டென்னிஸ் ரிட்சி 1971 வாக்கில் பி-க்குள் வகைகளைப் புகுத்தத் தொடங்கினார். முதலில் வந்தவை எழுத்துக்கான கேர், எண்ணுக்கான இன்ட் இரண்டும். இன்ட்டுக்கு 16 பிட் என்பது பிடிபி-11-இன் சொல் அளவு, வேறு எந்தத் தத்துவமும் அதன் பின்னால் இல்லை.

1978-க்குள் சி மொழி வேறு இயந்திரங்களிலும் குடியேறிவிட்டது. ஐபிஎம் 370-லும் இன்டர்டேட்டா 8/32-லும் இன்ட் 32 பிட். ஹனிவெல் 6000-ல் 36 பிட், அங்கே கேர் கூட 9 பிட். 1989-ல் வெளிவந்த தரநிலையை எழுத உட்கார்ந்தவர்கள் முன்னால் இத்தனை மரக்கால்களும் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இயந்திரங்களில் எழுதிய நிரல்கள் மெதுவாகும் அல்லது உடையும். ஆகவே குறைந்தபட்ச அளவை மட்டும் எழுதிவிட்டு மேலே கை வைக்காமல் விட்டார்கள். அன்றைக்கு அதைவிட நல்ல முடிவு இருந்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பொறியியல் கல்லூரிகளில் சி படித்தவர்களுக்கு இந்த வரலாறு வேறு ரூபத்தில் தெரிந்திருக்கும். உலகம் 32 பிட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் நீல நிறத் திரையில் டர்போ சி ஓட்டிக்கொண்டிருந்தோம். அது டாஸ் காலத்துக் கம்பைலர், அதில் இன்ட் 2 பைட். ‘இன்ட்டின் எல்லை மைனஸ் 32,768 முதல் 32,767 வரை’ என்று தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். வேலைக்குப் போனால் அங்கே இன்ட் 4 பைட். பாடம் தப்பு என்று சொல்ல முடியாது. அது மொழியின் விதியைச் சொல்லித்தருவதாக நினைத்துக்கொண்டு ஒரு கம்பைலரின் பழக்கத்தைச் சொல்லித்தந்தது.

64 பிட் இயந்திரங்கள் வந்தபோது மரக்கால் தகராறு மறுபடி கிளம்பியது. யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸ், மேக் போன்றவை லாங்கை 64 பிட்டாக உயர்த்தின. விண்டோஸ் லாங்கை 32-லேயே நிறுத்திவைத்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஏராளமான நிரல்களும் கோப்பு வடிவங்களும் லாங் என்றால் 32 என்று நம்பிக்கொண்டிருந்தன, அவற்றை உடைக்க மனமில்லை. விளைவு, ஒரே பிராசசரில், ஒரே மொழியில், லாங் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். மெமரி முகவரி ஒன்றை லாங்கில் போட்டு வைக்கும் நிரல் லினக்ஸில் ஒழுங்காக ஓடி, விண்டோஸில் முகவரியின் பாதியைத் தொலைக்கும். 1999 தரநிலை இதற்காகவே இன்ட்32, இன்ட்64 என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைக் கொண்டுவந்தது. கோப்பில் எழுதவோ நெட்வொர்க்கில் அனுப்பவோ போகும் எண்ணுக்கு இவற்றைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி.

இப்போது அந்த மைனஸ் 129 கோடிக்கு வருவோம். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் 00,000-க்குத் திரும்புமே, அதுபோல ஒரு சக்கரம் இது. ஆனால் சக்கரத்தின் இரண்டாவது பாதி எதிர்ம எண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 8 பிட் சக்கரத்தில் 127-க்கு அடுத்த படி மைனஸ் 128. 32 பிட் சக்கரத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு அடுத்த படி, கிட்டத்தட்ட அதே அளவுள்ள எதிர்ம எண். 300 கோடி அந்த விளிம்பைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து நிற்கிறது.

இது இயந்திரம் செய்வது. மொழி இதைச் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. குறியுள்ள எண் எல்லையைத் தாண்டி வழிந்தால் என்ன நடக்கும் என்று சி தரநிலை சொல்வதே இல்லை. ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று ஒதுக்கிவிடுகிறது. 70-களில் எதிர்ம எண்களைக் குறிக்க இயந்திரங்களிடையே மூன்று முறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் வழிதல் வேறு மாதிரி நடக்கும் என்பதால் யாருக்கும் சார்பாகப் பேசாமல் ஒதுங்கியதில் நியாயம் இருந்தது. சி23 தரநிலைதான் கடைசியில் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கியது. ஆனால் வழிதல் இன்றும் வரையறுக்கப்படாமலேயே இருக்கிறது. காரணம் மாறிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் கம்பைலர்கள் புத்திசாலிகளாகிவிட்டன. வழிதல் வரையறுக்கப்படவில்லை என்றால், ஒழுங்கான நிரலில் அது நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொண்டு நிரலைச் சுருக்கலாம் என்று அவை கண்டுகொண்டன. 32 பிட் எண்ணை வைத்து ஓடும் லூப்பை 64 பிட் இயந்திரத்தில் வேகமாக்க இந்த அனுமானம் உண்மையிலேயே உதவுகிறது. அதே அனுமானம் கத்தியும் பிடிக்கும். ஒருவர் கவனமாக, ‘இந்த எண்ணோடு 100 கூட்டினால் வருவது இந்த எண்ணைவிடப் பெரியதுதானா?’ என்று சோதித்துவிட்டு மேலே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிதலைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. கம்பைலர் பார்க்கிறது: வழிதல் நடக்காது, ஆகவே இது எப்போதும் உண்மை, ஆகவே சோதனை வீண். சோதனையையே தூக்கிவிடுகிறது.

கற்பனை இல்லை இது. 2007 ஜனவரியில் ஜிசிசி கம்பைலரின் வழுப் பட்டியலில் 30475 என்ற எண்ணில் சரியாக இந்தப் புகார்தான் பதிவானது. அதைத் தொடர்ந்து காரசாரமான வாக்குவாதம். கம்பைலர்காரர்கள் தரநிலையைக் காட்டினார்கள், இது வழுவே இல்லை என்று முடித்தார்கள். எழுத்தின்படி அவர்கள் பக்கம்தான் சட்டம் இருந்தது. இருந்தாலும், திருடனைப் பிடிக்க வைத்த காவலாளியை ‘இந்த ஊரில் திருட்டே நடக்காது’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதை எப்படிப் பாராட்டுவது? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இன்றும் அந்த அனுமானத்தை அணைத்துவைக்கும் ஆப்ஷனோடுதான் கம்பைல் ஆகிறது. சோதிக்க வேண்டுமானால் கூட்டுவதற்கு முன்னாலேயே, மிச்சமிருக்கும் இடம் போதுமா என்று கேட்க வேண்டும். சி23-ல் இதற்கென்றே தனிச் செயற்கூறுகள் வந்திருக்கின்றன. கூட்டிய விடையையும், வழிந்ததா இல்லையா என்ற பதிலையும் சேர்த்தே தரும்.

மொழியே சோதித்தால் தப்பிக்கலாமா? ஏடா அப்படிப்பட்ட மொழி. எல்லையைத் தாண்டினால் சும்மா விடாது, பிழை எழுப்பும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட்டின் திசை காட்டும் கருவியில் ஓடியது ஏடா நிரல்தான். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணுக்கு மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. பிழை எழுந்தது. எழுந்த பிழையைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை, கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவி அதற்குச் சற்று முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது, இரண்டிலும் ஒரே நிரல். நின்றுபோன கருவி அனுப்பிய கோளாறு அறிக்கையைப் பறக்கும் திசை என்று முதன்மைக் கணினி புரிந்துகொண்டு, இன்ஜின் குழல்களை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியது. கிளம்பிய 40 விநாடிக்குள் ராக்கெட்டும் அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் இடம் வேறு. அப்படி வழியக்கூடிய மாற்றங்கள் ஏழு இருப்பது அந்த நிரலை எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பிராசசரின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு இருந்தது. அந்த மூன்றும் ஏரியான் 4-இன் பாதையில் வழிய வாய்ப்பே இல்லை, கணக்குப் போட்டுத்தான் விட்டார்கள். ஏரியான் 5-இல் கிடைமட்ட வேகம் அந்தக் கட்டத்தில் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். நிரலை அப்படியே எடுத்து வைத்தவர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போடவில்லை. கொடுமை என்னவென்றால், அந்தப் பகுதி செய்துகொண்டிருந்த வேலை ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டுமே தேவைப்படும் வேலை. மேலே கிளம்பிய பிறகு அது ஓட வேண்டிய அவசியமே இல்லை.

மைனஸே இல்லாத குறியற்ற எண்கள் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ‘எண்ணிக்கை எதிர்மமாக இருக்காதே’ என்று நினைத்து எல்லோரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு 3-இல் 5-ஐக் கழித்துவிட்டு 429 கோடி சொச்சத்தைப் பார்த்து விழிக்கிறார்கள். குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் ஒப்பிட்டால் சி மௌனமாக முதலாவதையும் குறியற்றதாக்கிவிடும், ஆகவே மைனஸ் 1 என்பது 1-ஐவிடப் பெரியதாகிவிடும். கம்பைலரின் எச்சரிக்கைகளை இயக்கி வையுங்கள், இதை அது காட்டிக்கொடுக்கும்.

கேர் மட்டும் தனியாக ஒரு வார்த்தை கேட்கிறது, ஏனென்றால் அது தமிழைத் தொட்ட இடம். பெயர் எழுத்தைக் குறித்தாலும் சி-யில் கேர் என்பது ஒரு சின்ன முழு எண்தான். அது குறியுள்ளதா குறியற்றதா என்பதைக்கூடத் தரநிலை கம்பைலரிடமே விட்டிருக்கிறது. இன்டெல் வகைக் கணினிகளில் வழக்கமாகக் குறியுள்ளது, லினக்ஸ் ஓடும் ஆர்ம் கருவிகளில் வழக்கமாகக் குறியற்றது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடுவதால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ‘அ’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 133. இன்டெல் கணினியில் அவற்றைக் கேர் மாறியில் படித்தால் மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 123. ‘இது எழுத்தா?’ என்று கேட்கும் நூலகச் செயற்கூறுகளுக்கு இந்த எதிர்ம எண்ணை அப்படியே கொடுத்தால் மறுபடியும் வரையறுக்கப்படாத நடத்தைதான். 8 பிட் தமிழ்க் குறியாக்கமான திஸ்கி காலத்திலும் இதே வம்புதான், அதிலும் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருந்தது 128-க்கு மேலே.

தசமப் புள்ளி எண்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே 1985-ல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்து, பெர்க்லியின் வில்லியம் கஹானின் உழைப்பால், ஊருக்கு ஊர் மாறிய மரக்கால்கள் ஒன்றாயின. ஃப்ளோட் என்ற வகைக்கு 32 பிட், டபுள் என்ற வகைக்கு 64. அளவில் குழப்பமில்லை, துல்லியத்தில்தான் ஏமாற்றம். 0.1 என்ற எண்ணை, 0, 1 மட்டுமே உள்ள இருமத்தில் சரியாக எழுதவே முடியாது, 1-ஐ 3-ஆல் வகுத்ததைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல. எண் பெரிதாக ஆக, இரண்டு அடுத்தடுத்த ஃப்ளோட் எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும்.

ரூபாயை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ஃப்ளோட்டில் 1,31,072-ஐத் தாண்டியதும் இடைவெளி 64-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.56 பைசா. ஒன்றரை லட்ச ரூபாய் 1 பைசாவும், ஒன்றரை லட்ச ரூபாய் 2 பைசாவும் ஃப்ளோட்டுக்கு ஒரே எண். ஒரு சின்னக் கடையின் மாதக் கணக்குக்கே ஆகாது. டபுளில் போட்டால் இடைவெளி மிகச் சிறியதாகும், ஆனால் 0.1 சிக்கல் அப்படியே இருக்கும், கூட்டக் கூட்டச் சேரும். பணத்தைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பதே பழைய, நம்பகமான வழி. அதிலும் 32 பிட் என்றால் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசாவோடு சக்கரம் சுற்றிவிடும். 64 பிட்டில் சுமார் 92,233 லட்சம் கோடி ரூபாய் வரை தாங்கும். மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டே சுமார் 50 லட்சம் கோடிதான், ஆகவே கொஞ்ச காலத்துக்குக் கவலையில்லை.

பின்னால் வந்த மொழிகள் இந்தக் குழப்பத்திலிருந்து ஆளுக்கொரு பாடம் படித்தன. ஜாவா எல்லா அளவுகளையும் எழுதிவைத்துவிட்டது, ஆனால் வழிந்தால் சத்தமில்லாமல் சுற்றும். கோ மொழியில் ஒரு வகையை இன்னொன்றோடு நாமே வாய்விட்டுச் சொல்லாமல் கலக்க முடியாது. ஸ்விஃப்டில் வழிந்தால் நிரல் அங்கேயே நிற்கும். ரஸ்ட் நடுவழி: சோதனைக்காகக் கம்பைல் செய்தால் நிற்கும், வெளியீட்டுக்காகக் கம்பைல் செய்தால், வேறு ஆப்ஷன் தராவிட்டால், சுற்றும். பயனர் கையில் ஓடும் நிரலில்தானே காவல் வேண்டும் என்று எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. சுற்ற வேண்டுமா, நிற்க வேண்டுமா, எல்லையிலேயே தங்க வேண்டுமா என்று ஒவ்வொரு கூட்டலுக்கும் தனியாகச் சொல்ல ரஸ்ட் வழி வைத்திருக்கிறது, அதை மனதாரப் பாராட்டலாம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1983-லேயே, ‘இந்த எண் 1 முதல் 31 வரை’ என்று பிட் கணக்கை விட்டுவிட்டுப் பிரச்சினையின் எல்லையையே வகையாக எழுத விட்டது ஏடா. ஏரியான் கதையால் அதன் பெயர் கெட்டுப்போனது வருத்தமானது.

பழைய அளவை மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு 2038 இருக்கிறது. யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த விநாடிகளை எண்ணி நேரம் சொல்கின்றன. அந்த எண்ணிக்கை 32 பிட்டில் இருந்தால், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிறைந்துவிடும். அடுத்த விநாடி 1901 டிசம்பர் 14-ஆக மாறும். லினக்ஸ் கெர்னல் 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தைத் தர 2020-ல் வந்த 5.6 பதிப்பில் தயாராகிவிட்டது. ஆனால் கெர்னல் மாறினால் போதாது. நேரம் 4 பைட் என்பது ஏற்கெனவே கம்பைலான ஒவ்வொரு நிரலிலும் உறைந்துகிடக்கிறது. ஒரு தகவல் கட்டில் நேரத்துக்கு அடுத்த புலம் எத்தனையாவது பைட்டில் தொடங்கும் என்பதும் அதோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. சீட்டைத்தான் கிழித்துப் போட்டாயிற்றே, ஓடும் நிரலைத் தட்டி ‘இனி 8 பைட்’ என்று சொல்ல வழியில்லை.

2025-ல் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு இதைச் செய்யத் துணிந்தது. 32 பிட் ஆர்ம் கருவிகளுக்கு நேரத்தின் வகையை 64 பிட்டாக்கி, அதைத் தொடும் நூலகங்களையும், அந்த நூலகங்களை நம்பும் நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்தார்கள். பழைய 32 பிட் இன்டெல் வகையை மட்டும் தொடவில்லை. இன்றைக்கு அது உயிரோடு இருப்பதே மூல நிரல் கையில் இல்லாத பழைய நிரல்களை ஓட்டத்தான். அவற்றை மறுபடி கம்பைல் செய்ய யாராலும் முடியாது.